ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி ஸ்கூல்ஸ்: யாரு நடத்துறாங்க, யாரு காசு தர்றாங்க, நிஜமாவே நல்லாருக்கா?

வர்ஜினியால, வாஷிங்டன ஒட்டி இருக்குற ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டில ஹெர்ன்டன் பக்கம் வீடு பாத்துட்டு இருக்கீங்க, ஃபேர்ஃபாக்ஸ் ஸ்கூல்னா கண்ண மூடிட்டு வரலாம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா வரியும் எகிறுது, ஸ்கூல் போர்டு சண்டை வேற நியூஸ்ல வருது, இத யாரு நடத்துறா, வரிக்காசு எங்க போகுது, பேருக்கேத்த மாதிரி இருக்கானு கேட்டிருக்கீங்க. ரொம்ப வருஷமா இங்க இருக்கேன், பட்ஜெட் ஹியரிங்லாம் போய் உக்காந்து கேக்குற ஆளு நான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒரே ஒரு விஷயத்த மண்டைல ஏத்திக்கோங்க, மிச்சம் எல்லாமே அதுலேந்து புரியும். இங்க ஸ்கூல செலவு பண்ணி நடத்துறது ஸ்கூல் போர்டு, ஆனா அவங்களுக்கு ஒரு டாலர் வரி போடக்கூட அதிகாரம் கிடையாது. வரி போடுறது போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், அதாவது கவுன்ட்டி கவர்மென்ட், ஆனா அவங்க குடுத்த காச எந்த ஸ்கூலுக்கு, எந்த டீச்சருக்கு, எந்த ப்ரோக்ராமுக்குப் போடணும்னு அவங்களால சொல்ல முடியாது. சமைக்கிறது மருமக, மளிகைக் காசு மாமியார் கையில, ரெண்டு பேரும் தனித்தனியா ஊர் மக்கள்கிட்ட ஓட்டு வாங்கி வந்தவங்க, இப்படி ஒரு குடும்பத்த நினைச்சுக்கோங்க. குழம்புல உப்பு இல்லன்னா இவங்க அவங்கள கைகாட்டுவாங்க, அவங்க இவங்கள கைகாட்டுவாங்க. வருஷா வருஷம் ஏப்ரல் மே மாசம் நடக்குற கூத்து பூரா இதுதான்.

எல்லா மாநிலத்துலயும் இப்படி இல்லங்க. நியூ ஜெர்சிலேந்தோ டெக்ஸஸ்லேந்தோ வர்றவங்க இங்க குழம்புறதுக்குக் காரணமே இதான், அங்கெல்லாம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனி வரி போடும், வரி பில்லுலயே ஸ்கூலுக்குன்னு தனி லைன் இருக்கும். வர்ஜினியால அப்படிக் கிடையாது. இங்க ஒரே ப்ராப்பர்ட்டி டேக்ஸ், அதுலேந்து கவுன்ட்டி ஒரு பெரிய தொகைய ஸ்கூலுக்கு மாத்தி விடும், அதுக்குப் பேரே கவுன்ட்டி ட்ரான்ஸ்ஃபர்.

இப்ப ஆளுங்களப் பாப்போம். ஸ்கூல் போர்டுல 12 பேரு. கவுன்ட்டிய ஒம்போது மெஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட்டா பிரிச்சிருக்காங்க, ப்ராடக், ட்ரேன்ஸ்வில், ஃப்ராங்கோனியா, ஹன்டர் மில், மேசன், மவுன்ட் வெர்னன், ப்ராவிடன்ஸ், ஸ்ப்ரிங்ஃபீல்ட், சல்லி, ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர், அதோட கவுன்ட்டி பூரா ஓட்டு போட்டு எடுக்குற அட்-லார்ஜ் மூணு பேரு. நாலு வருஷப் பதவி, 12 சீட்டும் ஒரே நேரத்துல தேர்தலுக்கு வரும், கடைசியா 2023 நவம்பர்ல நடந்துச்சு. ஓட்டு இல்லாத ஒரு ஸ்டூடன்ட் ரெப்ரசென்டேட்டிவும் உண்டு, மத்தவங்கள விட அந்தப் பசங்க கேள்வி சில சமயம் நறுக்குன்னு இருக்கும். பேப்பர்ல கட்சி சார்பில்லாத தேர்தல்தான், பேலட்ல கட்சிப் பேரு வராது, ஆனா வாசல்ல நின்னு குடுக்குற சாம்பிள் பேலட்ல கட்சி ஆதரவு இருக்கும், 2019-லயும் 2023-லயும் 12 சீட்டையும் டெமாக்ரட் ஆதரவு வாங்குனவங்களே ஜெயிச்சாங்க. 2019-லேந்து எல்லா சீட்டும் ஒரே பக்கம்ங்கறதால போர்டுக்குள்ள நிஜமான எதிர்க்கட்சி இல்ல, அந்த வேலைய பேரன்ட் க்ரூப்புகளும் கோர்ட்டும்தான் செய்யுது. இது நல்லதா கெட்டதான்னு கேட்டா, எனக்கு அவ்வளவு நல்லதாத் தெரியல.

ஓட்டு போட்டு ஸ்கூல் போர்ட எடுக்குறதே இங்க ரொம்பப் பழைய வழக்கம் இல்ல. 1992-ல சட்டம் மாறி, ஃபேர்ஃபாக்ஸ்ல முதல் தேர்தல் 1995-லதான் நடந்துச்சு, அதுவரைக்கும் சூப்பர்வைசர்ஸ் பாத்து நியமிக்கிற ஆளுங்கதான். அமெரிக்காவுலயே கடைசியா இத அனுமதிச்ச மாநிலம் வர்ஜினியா. பின்னாடி ஒரு அசிங்கமான கதை இருக்கு. பக்கத்துல ஆர்லிங்டன்ல மட்டும் 1940-கள் கடைசிலயே தேர்தல் வெச்சாங்க, 1956-ல அந்த போர்டு கறுப்பினப் பிள்ளைங்களையும் வெள்ளைக்காரப் பிள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வெக்கத் திட்டம் போட்டதும் மாநில சட்டமன்றம் அந்தத் தேர்தல் உரிமையையே பிடுங்கிருச்சு. ஃபேர்ஃபாக்ஸ்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு ஹைஸ்கூலே 1954 வரைக்கும் கிடையாது, மனாஸஸுக்கோ வாஷிங்டனுக்கோ போய்த்தான் படிச்சாங்க. 1954-ல தொறந்த அந்த லூதர் ஜாக்சன் ஸ்கூல் இன்னைக்கு ஒரு மிடில் ஸ்கூல், ஸ்கூல் போர்டு கூட்டம் நடக்குறது அந்த ஆடிட்டோரியத்துலதான். போய் உக்காந்தா இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

போர்டுக்குக் கீழ சூப்பரின்டென்டென்ட். இப்ப மிஷெல் ரீட், 2022 ஜூலைல வந்தாங்க, ஆரம்பச் சம்பளம் 3,80,000 டாலர், அப்பவே அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. போர்டு வேலைக்கு வெக்கிற கம்பெனி சிஇஓ மாதிரின்னு வெச்சுக்கோங்க, போர்டு கொள்கை போடும், இவங்க நடத்துவாங்க. நம்ம ஊர்ல மாநிலக் கல்வித்துறை, அதுக்குக் கீழ முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழ மாவட்டக் கல்வி அலுவலர்னு மேலேந்து கீழ இறங்குற சங்கிலி இருக்கும்ல, அது இங்க கிடையாது. வர்ஜினியா அரசியல் சாசனமே ஸ்கூல நடத்துற பொறுப்ப உள்ளூர் போர்டுகிட்ட குடுத்துருக்கு. அதுக்காக மாநிலம் சும்மா இருக்குன்னு இல்ல. கவர்னர் நியமிக்கிற ஸ்டேட் போர்டுதான் என்ன படிக்கணும், எந்த டெஸ்ட், எத்தன மார்க்குனு முடிவு பண்ணுது. 2022 ஜனவரில அப்ப கவர்னரா இருந்த க்ளென் யங்கின் மாஸ்க் கட்டாயம் இல்லன்னு உத்தரவு போட, ஃபேர்ஃபாக்ஸ் உட்பட ஏழு ஸ்கூல் போர்டு கோர்ட்டுக்குப் போச்சு, சட்டமன்றம் அடுத்த மாசமே சட்டம் போட்டு பேச்ச முடிச்சிருச்சு. உள்ளூர் அதிகாரம்ங்கறது மாநிலம் விட்டு வெக்கிற வரைக்கும்தான்.

காசுக்கு வருவோம், உங்க கேள்வியோட மெயின் பாகமே இதான். ஸ்கூல்ஸோட ஆபரேட்டிங் பட்ஜெட் இப்ப 4 பில்லியன் டாலர ஒட்டி இருக்கு. ஏறக்குறைய 1,80,000 பிள்ளைங்க, 200 ஸ்கூல ஒட்டி, ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000 டாலருக்கு மேல. கேட்டா தல சுத்தும், ஆனா பக்கத்து ஆர்லிங்டன்லயும் அலெக்ஸாண்ட்ரியாவுலயும் இத விட அதிகம், பிரின்ஸ் வில்லியம்ல கம்மி. இந்தப் பணத்துல பத்துக்கு ஏழு பங்கு கவுன்ட்டிகிட்டேந்து வருது, நாலுல ஒரு பங்கு போல மாநிலம், ஃபெடரல் கவர்மென்ட் பங்கு ரொம்பச் சின்னது. கவுன்ட்டியோட ஜெனரல் ஃபண்ட்ல பாதிக்கு மேல ஸ்கூலுக்கே போயிடுது. நிதியாண்டு 2026-க்கு வீட்டு வரி 100 டாலர் மதிப்புக்கு 1.1225 டாலர். நீங்க பாக்குற 8 லட்சம் டாலர் வீட்டுக்குப் போட்டா வருஷம் 8,980 டாலர், அதுல ஏறக்குறைய பாதி ஸ்கூலுக்குனு வெச்சுக்கலாம். ரேட்ட மட்டும் பாத்து ஏமாறாதீங்க, ரேட் அப்படியே இருந்தாலும் கவுன்ட்டி உங்க வீட்டு மதிப்ப வருஷா வருஷம் ஏத்தி அசெஸ் பண்ணும், பில்லு தானா ஏறும்.

மாநிலம் ஏன் இவ்வளவு கம்மியா குடுக்குது? அங்கதான் லோக்கல் காம்போசிட் இண்டெக்ஸ்னு ஒண்ணு வருது, இத தெரிஞ்சுக்காம ஃபேர்ஃபாக்ஸ் பட்ஜெட் புரியாது. ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு தாங்குற சக்தி இருக்குன்னு மாநிலம் கணக்குப் போடுது, ரியல் எஸ்டேட் மதிப்புக்கு 50 சதவீத வெயிட், மக்களோட வருமானத்துக்கு 40, கடை விற்பனைக்கு 10. ஃபேர்ஃபாக்ஸுக்கு அது 0.65 பக்கம் வருது. அப்படின்னா மாநிலம் நிர்ணயிக்கிற குறைந்தபட்ச செலவுல டாலருக்கு 65 சென்ட் நீங்க போடுங்க, 35 சென்ட் நாங்க தர்றோம்னு அர்த்தம். மாநில சராசரி ஊருக்கு இது தலைகீழ், மாநிலம் 55, ஊரு 45. பணக்கார ஊரு அதிகம் போடட்டுமேன்னா நியாயம்தான், நானும் ஒத்துக்குறேன். ஆனா பிரச்சன என்னன்னா அந்தக் குறைந்தபட்ச செலவுக் கணக்கே தரைல கிடக்கு. சட்டமன்றத்தோட சொந்த ஆய்வு அமைப்பு ஜேலார்க் 2023-ல ரிப்போர்ட் குடுத்துச்சு, வர்ஜினியா ஸ்கூல்களுக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற நிதி 50 மாநில சராசரிய விட 14 சதவீதம் கம்மின்னு. மாநிலத்தோட ஃபார்முலா நெனக்கிறத விட நிஜத்துல எல்லா ஊரும் ரொம்ப அதிக ஆளுங்கள வேலைக்கு வெச்சாத்தான் ஸ்கூல் ஓடும், அந்த மிச்சம் பூரா உள்ளூர் தலைல. ஃபேர்ஃபாக்ஸ் அத சமாளிச்சுக்கும். மாநிலத்தோட தென்மேற்குக் கோடில நிலக்கரி போன ஊர்ல இருக்குறவன் கத என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

சேல்ஸ் டேக்ஸ்லேந்தும் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல மாநிலம் ஸ்கூலுக்குனு பிரிச்சுக் குடுக்குது, அந்த ஊர்ல இருக்குற ஸ்கூல் வயசுப் பிள்ளைங்க எண்ணிக்கைய வெச்சு.

வர்ஜினியால டில்லன் ரூல்னு ஒண்ணு உண்டு, மாநிலம் வெளிப்படையா குடுக்காத அதிகாரம் எதுவும் கவுன்ட்டிக்குக் கிடையாது. அதனால கவுன்ட்டிக்கு வீட்டு வரிய விட்டா பெருசா வேற வழியில்ல. 2016-ல ஹோட்டல் சாப்பாட்டுக்கு வரி போடலாமான்னு மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க, மக்கள் வேண்டாம்னுட்டாங்க. 2020-ல மாநிலச் சட்டம் மாறி, ஓட்டு இல்லாமலே போடலாம்னு ஆச்சு, 2025 மே மாசம் சூப்பர்வைசர்ஸ் 4 சதவீத மீல்ஸ் டேக்ஸ நிறைவேத்தினாங்க, 2026 ஜனவரிலேந்து அமல். இருக்குற 6 சதவீத சேல்ஸ் டேக்ஸோட சேத்து மசால் தோசைக்கு 10 சதவீதம் வரி. ஸ்கூலுக்காகத்தான்னு நேரா சொல்ல மாட்டாங்க, ஆனா ஸ்கூல் கேட்ட காச வீட்டு வரில மட்டும் எடுக்க முடியலங்கறதுதான் அடிப்படைக் காரணம்.

பட்ஜெட் காலண்டர் இப்படி: ஜூலை 1-க்கு நிதியாண்டு ஆரம்பம். ஜனவரில சூப்பரின்டென்டென்ட் தன் திட்டத்தப் போடுவாங்க, பிப்ரவரில போர்டு அத கவுன்ட்டிகிட்ட கேக்குற தொகையா மாத்தும், ஏப்ரல்ல சூப்பர்வைசர்ஸ் ஹியரிங், மே மாசம் அவங்க வரி ரேட்டையும் ஸ்கூலுக்கான தொகையையும் முடிவு பண்ணுவாங்க, அதுக்கப்புறம் ஸ்கூல் போர்டு கையில வந்தத வெச்சு மறுபடி வெட்டி ஒட்டும். 2025-ல கேட்டதுக்கும் வந்ததுக்கும் நடுவுல 100 மில்லியன் டாலருக்கு மேல ஓட்டை. அந்த வருஷம் இன்னொரு சிக்கல், 2021-லதான் வர்ஜினியால அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டுப் பேரம் பேசவே சட்டம் அமலுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் டீச்சர்ஸ் சங்கம் முதல் ஒப்பந்தத்துல 7 சதவீத உயர்வு பேசி வாங்கி வெச்சிருந்தாங்க. காசு குறைஞ்சதும் அதுவும் இறங்குச்சு, ஏன்னா ஒப்பந்தம் போடுறது ஸ்கூல் போர்டு, காசு ஒதுக்குறது வேற ஆளு. பட்ஜெட்ல 85 சதவீதத்துக்கு மேல சம்பளமும் பெனிஃபிட்ஸும்தான், அதனால வெட்டுறதுன்னா ஆளையோ உயர்வையோதான் வெட்டணும், பென்சில் பேப்பர்ல மிச்சம் பிடிக்க முடியாது.

சூப்பர்வைசர்ஸ் பக்கத்து வாதத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அது சும்மா தள்ளிடற வாதம் இல்ல. கொரோனாவுக்கு முன்னாடி 1,89,000 பக்கம் இருந்த பிள்ளைங்க எண்ணிக்க 2020-க்கப்புறம் விழுந்து பழைய இடத்துக்குத் திரும்பவே இல்ல, அப்புறம் ஏன் வருஷா வருஷம் இவ்வளவு கூடுதலா கேக்குறீங்கன்னு கேக்குறாங்க. ஸ்கூல் பக்கம் பதில், தலைக்கணக்குதான் குறைஞ்சுது, தேவை குறையலன்னு. இங்கிலீஷ் புதுசா கத்துக்குற பிள்ளைங்க அஞ்சுல ஒருத்தருக்கு மேல, ஸ்பெஷல் எஜுகேஷன் கூடிட்டே போகுது, மூணுல ஒருத்தர் இலவச அல்லது குறைஞ்ச விலை சாப்பாட்டுக்குத் தகுதியான குடும்பம். பணக்கார கவுன்ட்டின்னு பேரு, உள்ள போய்ப் பாத்தா ரெண்டு மூணு உலகம். ரெண்டு பக்கமும் ஒரு அளவுக்கு உண்மைதான், ஆனா ஹெட் ஆபீஸ்ல பதவிங்க பெருகுறதப் பத்திக் கேள்வி கேட்டா மட்டும் ஸ்கூல் பக்கம் தெளிவான பதில் வர்றதில்லங்கறது என் குறை.

கட்டடத்துக்குத் தனிக் காசு. அதுக்கு கவுன்ட்டி பாண்ட் போட்டு கடன் வாங்கும், மக்கள் ஓட்டு வேணும், பேலட்ல கடைசில வரும். 2021-ல 360 மில்லியன், 2023-ல 435 மில்லியன், ரெண்டும் சுலபமா பாஸ். கவுன்ட்டிக்கு மூணு ரேட்டிங் ஏஜென்சியும் ட்ரிபிள் ஏ, அதாவது உச்ச மதிப்பு, குடுத்திருக்குறதால வட்டி கம்மி. ஆனாலும் ஒரு ஸ்கூல புதுப்பிக்க 25 வருஷம்னு இலக்கு வெச்சிருக்காங்க, நிஜத்துல 35-ஐத் தாண்டுது, அதான் பின்னாடி ட்ரெய்லர் க்ளாஸ்ரூம் நிக்குது. 2025-ல ஹெர்ன்டன் பக்கம் மூடுன கிங் அப்துல்லா அகாடமி கேம்பஸ 150 மில்லியனுக்கு வாங்கினாங்க, மேற்குப் பக்கத்துக்குப் புது ஹைஸ்கூல் வேணும்னு ரொம்ப வருஷமா இருந்த கோரிக்கைக்கு. நீங்க பாக்குற ஏரியாவுக்கு இது நேரடியா பொருந்தும்.

ஃபெடரல் காசு அஞ்சு சதவீதத்துக்குள்ளதான்னாலும் அது ஏழைப் பிள்ளைங்களுக்கும் ஸ்பெஷல் எஜுகேஷனுக்கும் சாப்பாட்டுக்கும் போற காசு. 2025-ல திருநர் பிள்ளைங்க எந்த பாத்ரூம் போகலாம்ங்கற கொள்கை விஷயத்துல, ஸ்கூல்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற டைட்டில் நைன் சட்டத்த மீறுறாங்கன்னு சொல்லி ஃபெடரல் கல்வித்துறை ஃபேர்ஃபாக்ஸ் உட்பட வடக்கு வர்ஜினியாவுல அஞ்சு டிஸ்ட்ரிக்ட்ட ஹை ரிஸ்க் லிஸ்ட்ல போட்டுச்சு. அதாவது முதல்ல நீங்க செலவு பண்ணுங்க, அப்புறம் பில்ல காட்டி வாங்கிக்கோங்கன்னு. ஃபேர்ஃபாக்ஸ் கோர்ட்டுக்குப் போச்சு.

சரி, நல்லாருக்கா? சராசரியா பாத்தா ஆமா. ஹைஸ்கூல் பிள்ளைங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல நாலு வருஷத்துல பாஸாகி வெளிய வர்றாங்க. மாநிலத் தேர்வு எஸ்ஓஎல்ல மாநில சராசரிய விட சில புள்ளிகள் மேல. ஆனா இந்தச் சராசரி உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது. இங்க ஸ்கூல்கள பிரமிட்னு பிரிப்பாங்க, ஒரு ஹைஸ்கூல், அதுக்கு வர்ற மிடில் ஸ்கூல், அதுக்கு வர்ற எலிமென்டரிங்க எல்லாம் சேந்து ஒரு பிரமிட். பணக்கார ஏரியாவான லாங்லி பிரமிடையும், வருமானம் கம்மியான குடும்பங்க நிறைய இருக்குற ஜஸ்டிஸ் பிரமிடையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே டிஸ்ட்ரிக்ட்டுன்னு நம்ப மாட்டீங்க. இங்கிலீஷ் கத்துக்குற நிலைல இருக்குற பிள்ளைங்க ரீடிங் பாஸ் ரேட் பாதிக்கும் கீழ. ரியல் எஸ்டேட் சைட்ல வர்ற பத்துக்கு எட்டு, பத்துக்கு நாலு ரேட்டிங் பெரும்பாலும் அந்த ஏரியாவோட வருமானத்தத்தான் அளக்குது, டீச்சர் எப்படிச் சொல்லித்தர்றாங்கன்னு அளக்கல.

மாநிலத்தோட அளவுகோலும் ரொம்ப நாள் தாராளமா இருந்துச்சு, கொரோனாவுக்கப்புறம் மார்க் சரிஞ்சும் 2022-ல மாநிலத்துல பத்துக்கு ஒம்போது ஸ்கூல் அக்ரெடிட்டட், அதாவது மாநில அங்கீகாரம் உள்ளதுன்னு வந்துச்சு. அது உறுத்தித்தான் புது முறை கொண்டு வந்தாங்க, டிஸ்டிங்விஷ்ட், ஆன் ட்ராக், ஆஃப் ட்ராக், நீட்ஸ் இன்டென்சிவ் சப்போர்ட்னு நாலு தட்டு. வீடு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல் எந்தத் தட்டுல இருக்குன்னு மட்டும் பாக்காம, நம்ம பிள்ள மாதிரிப் பிள்ளைங்க அங்க வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு முன்னேறுறாங்கன்னு பாருங்க, மாநில சைட்ல பிரிச்சுப் போட்டிருப்பாங்க. சறுக்குன இடமும் இருக்கு, லாக்டவுன் சமயத்துல ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்களுக்குத் தர வேண்டிய சேவையத் தரலன்னு ஃபெடரல் விசாரணை வந்து, 2022 நவம்பர்ல 25,000-க்கு மேல பிள்ளைங்களுக்கு ஈடு செய்றதா ஒப்பந்தம் போட்டாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க முறையா சொல்லித்தரலன்னு கறுப்பின மக்கள் உரிமைக்கான அமைப்பு என்ஏஏசிபியோட ஃபேர்ஃபாக்ஸ் கிளை 2021-ல சத்தம் போட்டுச்சு, அடுத்த வருஷம் மாநிலமே அதுக்கு லிட்ரசி ஆக்ட் போட்டுச்சு.

டிஜேங்கற ஸ்கூல் பத்தி கேக்காம இருக்க மாட்டீங்கன்னு தெரியும். தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல், 1985-ல ஆரம்பிச்சது, 2020 வரைக்கும் டெஸ்ட் எழுதி உள்ள போற மாதிரி இருந்த சயின்ஸ் ஸ்கூல், நம்மாளுங்க பாதிப் பேரு இந்தக் கவுன்ட்டிக்கு வர்றதே இதுக்காகத்தான். 2020 கடைசில போர்டு அட்மிஷன் டெஸ்ட்டையும் 100 டாலர் ஃபீஸையும் எடுத்துட்டு, ஒவ்வொரு மிடில் ஸ்கூல்லயும் எட்டாவது பசங்கள்ல 1.5 சதவீதத்துக்கு இடம்னு வெச்சாங்க. முதல் வருஷமே ஆசியப் பிள்ளைங்க பங்கு 73 சதவீதத்துலேந்து 54-க்கு வந்துச்சு. பேரன்ட்ஸ் கேஸ் போட்டாங்க, 2022-ல கீழ் கோர்ட்டு பேரன்ட்ஸ் பக்கம், 2023 மே மாசம் அப்பீல் கோர்ட்டு ரெண்டுக்கு ஒண்ணுன்னு போர்டு பக்கம், 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு கேஸ எடுக்கவே மறுத்துருச்சு. இதோட நேரடி அர்த்தம் என்னன்னா, எல்லாரும் டிஜேக்காக ஓடுற, ஏஏபிங்கற அட்வான்ஸ்ட் ப்ரோக்ராம் இருக்குற பெரிய மிடில் ஸ்கூல்ல பிள்ளைய போட்டா உள்ளயே போட்டி அதிகம். டெஸ்ட்ட எடுத்த விதம் அவசரம்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா சில மிடில் ஸ்கூல்லேந்து வருஷக்கணக்கா ஒரு பிள்ளகூட போகாம இருந்ததும் சரியில்ல.

ஏஏபிங்கறது மூணாங்கிளாஸ்லேந்து ஃபுல் டைமா நடக்குற அட்வான்ஸ்ட் ப்ரோக்ராம், ரெண்டாங்கிளாஸ்ல ஸ்க்ரீனிங். பிள்ள இப்ப ஃபர்ஸ்ட் க்ரேட்னா இந்த வருஷமே விசாரிச்சு வெச்சுக்கோங்க. கோச்சிங் க்ளாஸ்ல கொண்டு போய் வதைக்க வேணாம்.

நீங்க ஹெச்1பில இருக்கீங்கன்னா ஓட்டு கிடையாது, க்ரீன் கார்டுக்கும் கிடையாது, ஆனா ஹியரிங்ல பேச சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, பேர் குடுத்துட்டுப் போய்ப் பேசலாம். எங்க பேசணும்னு மட்டும் சரியா பிடிங்க. ஏஏபி, பஸ், பாடப் புத்தகம், எல்லைன்னா ஸ்கூல் போர்டு. வரி ரேட், மொத்தத் தொகைன்னா சூப்பர்வைசர்ஸ். தப்பான கூட்டத்துல அழகா பேசிட்டு வர்ற ஆளுங்கள நான் நிறையப் பாத்துட்டேன்.

கடைசியா ஒண்ணு, ரியல்ட்டர் சொல்ல மாட்டாரு. ஃபேர்ஃபாக்ஸ் சிட்டி, ஃபால்ஸ் சர்ச் சிட்டி ரெண்டும் கவுன்ட்டிக்குள்ள வராத தனி ஊருங்க, ஃபால்ஸ் சர்ச்சுக்குத் தனி ஸ்கூல் சிஸ்டமே இருக்கு, ஃபேர்ஃபாக்ஸ் சிட்டிக்கு ஸ்கூல் கட்டடம் சொந்தம், நடத்துறது மட்டும் கவுன்ட்டி. ஆனா போஸ்டல் அட்ரஸ்ல ஃபால்ஸ் சர்ச்னு போட்டிருக்குற நிறைய வீடு நிஜத்துல கவுன்ட்டிதான். அட்ரஸ ஸ்கூல் சைட்ல பவுண்டரி லொகேட்டர்ல போட்டுப் பாத்துட்டு ஆஃபர் போடுங்க. அதையும் சாசனமா எடுத்துக்காதீங்க, ஏன்னா 2024-ல போர்டு எல்லைக் கொள்கைய மாத்தி, கவுன்ட்டி பூராவையும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மறுபடி பாக்கணும்னு வெச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி அப்படி முழுசா பாத்தது 1980-கள்ல. உங்க பிள்ள எலிமென்டரி முடிக்கிறதுக்குள்ள கோடு ஒரு தடவ நகரலாம். ஹைஸ்கூல் ஒண்ண மட்டும் நம்பி 50,000 டாலர் கூடுதலா ஆஃபர் போடாதீங்க.